முதல் அழுத்து

நாசில் அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே நான் தும்முவேன். வேலை செய்கிற இடத்திலும் அதே நெருக்கம்தான். மருந்துப் புட்டியின் தலையில் உட்கார்ந்து மருந்தைத் தூவலாக வெளியே அனுப்புகிற சின்ன மூக்கு இருக்கிறதே, அதற்கு எங்கள் கம்பெனியில் நாசில் என்று பெயர். அண்ணன் அதை வடிவமைப்பவர். அண்ணி அதைச் சோதித்துப் பார்த்துக் குறை சொல்பவள். நான் கடைசியில் அட்டைப் பெட்டியில் அடுக்கி நாடா ஒட்டுபவள். புருஷன் செய்ததைக் குறை சொல்லப் பெண்டாட்டிக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற கம்பெனி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பேக்கிங்கில் நாங்கள் சிரிப்போம்.

நாசிலின் துளை தலைமுடி நுழைகிற அளவுதான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு குழி. அழுத்தினால் மருந்து அந்தக் குழிக்குள் சுற்றிச் சுழன்று, துளை வழியாக வெளியே வந்ததும் குடை மாதிரி விரியும். குழியின் வளைவு இம்மி பிசகினாலும் குடை கோணிக்கொள்ளும். துளி பெரிதானால் மூக்கிலிருந்து வழிந்து தொண்டைக்குப் போய்விடும். ரொம்பப் பொடியானால் காற்றிலேயே நின்றுவிடும். இதையெல்லாம்விட அண்ணனுக்குப் பெரிய கவலை மனிதர்களின் விரல். வயதானவர் மெல்ல அழுத்துவார், பதறிப்போன தாய் வெடுக்கென்று அழுத்துவாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு மருந்து வர வேண்டும். "அழுத்தற விரல் யாரோடதுன்னு மருந்துக்குத் தெரியவே கூடாது," என்பார். இதைப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அண்ணியின் மேசையில் மஞ்சள் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஈரம் பட்ட இடம் மட்டும் நீலமாக மாறுகிற தாள். ஒரு அழுத்து, ஒரு நீல வட்டம். வட்டம் நீண்டிருந்தால் அந்த நாசில் நேராகக் குப்பைக்கூடைக்கு. "எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு முட்டை போட்டிருக்கார்" என்று அண்ணி சத்தமாகச் சொல்ல, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் காது சிவந்து உட்கார்ந்திருப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பு. ஆள் வயதுக்குச் சின்னதாக இருந்ததால் தெருவே பொடிசு என்றுதான் கூப்பிடும். போன வருஷம் முதல் முறையாக வலிப்பு வந்தது. பள்ளிக்கூட வாசலில் விழுந்து, செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். மாத்திரையோடு, வலிப்பு வந்தால் உடனே மூக்கில் அடிக்கவென்று ஆஸ்பத்திரியில் ஒரு தூவல் மருந்தும் கொடுத்தார்கள். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் அண்ணன் வடிவமைத்த நாசில். அன்றைக்கு அவர் பெருமைப்படவில்லை, பயந்துபோனார்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு அந்தப் பயம் விளங்காது. புட்டி சும்மா கிடந்தால் குழாயில் ஏறி நிற்கிற மருந்து மெல்லக் கீழே இறங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். அதற்கப்புறம் அழுத்தினால் முதல் தடவை வருவது பாதி மருந்து, பாதி காற்று. முதல் அழுத்தை நம்பாதே என்று எங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். காற்றில் ஒரு தரம் அடித்து, குடை முழுசாக விரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூக்கில் அடிக்க வேண்டும். மூக்குக்குள் போய்விட்டால் எவ்வளவு போயிற்று என்று பார்க்க வழியில்லை.

புட்டி பொடிசின் கட்டிலுக்கு மேலே அலமாரியில் இருந்தது. மாதத்துக்கு ஒரு புட்டிதான் தருவார்கள். மழை தொடங்கிய மாதத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை, ஆனால் பாதி மாதத்துக்குள் புட்டி முக்கால்வாசி காலி.

அண்ணி புட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கேட்டார். "இது தூக்கத்துக்கும் ஆகற மருந்து. வீட்டுல வேற யாராவது எடுத்துக்கறாங்களா?"

அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த மாதம் பிறக்கிற வரை வேறு புட்டி தர முடியாது, அதுவே சட்டம் என்றார் டாக்டரம்மா. இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பொடிசின் எடைக்கு ஒரு அழுத்துதான், பதற்றத்தில் இரண்டாவது போட்டால் வலிப்போடு மூச்சும் நின்றுவிடும் என்று இரண்டு முறை சொன்னார்.

கிளம்பும்போது பொடிசு சொல்கிற ஒரு விஷயத்தை அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். வலிப்பு வருவதற்கு முன்னால் கதவுப் பக்கம் யாரோ வந்து நிற்கிறார்கள் என்கிறாளே, அது என்ன என்று. டாக்டரம்மா சிரித்தார். சிலருக்கு அப்படித் தோன்றும், மூளை செய்கிற வேலை, மாத்திரை பிடித்துக்கொண்டால் அந்த ஆள் வருவதும் நின்றுவிடும் என்றார். அண்ணிக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு அந்த 'ஆள்' என்ற சொல் பிடிக்கவில்லை.

மருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அண்ணி தன் தொழிலையே கையில் எடுத்தாள். மழை விட்டிருந்த நாளாகப் பார்த்து, சோதனைத் தாள்களில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து பொடிசின் அறைச் சுவர், ஜன்னல், கதவு எல்லா இடத்திலும் ஒட்டினாள். காற்றில் ஈரம் இருந்தால் தாள் தானாகவே நீலம் பூத்துவிடும் என்பதால் விடிந்ததும் ஒட்டி, வேலைக்குக் கிளம்பும் முன் உரித்துவிட வேண்டும். அப்படி உரித்ததில் ஜன்னலோரத் தாளில் ஒரு நீல வட்டம்.

அண்ணன் பிடிபட்டார். தினமும் காலையில் எழுந்ததும் ஜன்னல் பக்கம் ஒரு அழுத்து அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதல் அழுத்தே முழுசாக வர வேண்டும், காற்றில் அடித்துப் பார்க்கிற அந்த நொடிகூட வீணாகக் கூடாது என்று. அண்ணி அவரைப் பிடி பிடியென்று பிடித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார், பிறகு அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அங்கேயும் ஒரு வட்டம். தான் ஒட்டிய தாளிலேயே தன் அழுத்தையும் பதித்துவிட்டு நின்றாள் அண்ணி. அவளும் தினம் டீ போடப் போகும் முன் ஒன்று அழுத்தி வைத்திருக்கிறாள். பழகிய கை, தாள் ஒட்டிய அன்றும் நிற்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு முட்டாள்தனம் நடக்காது. வேறு எந்த வீட்டிலும் அந்த முதல் அழுத்தைப் பற்றித் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வெகுநாளைக்கப்புறம் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு சட்டென்று நின்றது.

கதவில் ஒட்டிய தாளிலும் நீலம் இருந்தது.

அண்ணி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவளுடைய மற்ற இரண்டு தாளிலும் கச்சிதமான வட்டம். இதில் வட்டத்தின் ஒரு பக்கத்தைக் கடித்து எடுத்த மாதிரி இருந்தது. அந்த இடம் வெறும் மஞ்சள். "நாசில் அடைச்சிருக்கு," என்றாள். அப்படி இருந்தால் பெரிய ஆபத்துதான், ஆனால் அவள் குரலில் அப்படி இருக்கட்டுமே என்ற ஆசை இருந்தது. புட்டியைக் கைப்பையில் மறைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். தன் மேசையில் வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினாள். நான் பெட்டி எடுக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தாளில் குறையே இல்லாத முழு வட்டம். அண்ணி அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நாசில் சரியாக இருந்தால் அன்றைக்கு நடுவில் ஏதோ மறைத்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், விரல் நடுங்கியிருக்கும் என்று சைகை காட்டினார். யாருடைய விரல் என்று அண்ணி கேட்கவில்லை.

சாயங்காலம் பொடிசைக் கேட்டார்கள். மிரட்டவில்லை. முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டாள் அண்ணி. பொடிசு உடனே ஒப்புக்கொண்டாள்.

"ஆனா நான் மூக்குல போட்டுக்கலம்மா. அவங்களுக்குப் போட்டேன்."

"எவங்களுக்கு?"

"கதவுகிட்ட வருவாங்கல்ல, அவங்களுக்குத்தான். அவங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. கையெல்லாம் வெடவெடன்னு நடுங்கும். நின்னுக்கிட்டே நடுங்குவாங்க. பாக்கவே பாவமா இருக்கும்மா. ஒண்ணு அடிச்சா நடுக்கம் நின்னுடும், அவங்களும் போயிடுவாங்க. எனக்கும் வராது."

"ஆம்பளையா, பொம்பளையா?" என்று அண்ணன் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று அப்புறம் என்னிடம் வருத்தப்பட்டார்.

பொடிசு யோசித்தாள். "அவங்கதான்ப்பா," என்றாள். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்கிற மாதிரி முட்டையைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

தூவல் காற்றில் நிற்கும், அதை மூச்சில் இழுத்ததால்தான் அவளுக்கு வலிப்பு வராமல் இருந்திருக்கிறது என்று அண்ணன் விளக்கம் சொன்னார். சரியான விளக்கம். நானும் அண்ணியும் நன்றாகத் தலையாட்டினோம். ஆனால் அன்றிலிருந்து நான் அந்த வீட்டுக்குப் போனால் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

மாதம் பிறக்க இன்னும் நாள் இருந்தது. புட்டியில் அடியோடு அடியாகக் கொஞ்சம்தான் மிச்சம். இரண்டு பேரும் பிள்ளை மேல் சத்தியம் செய்துகொண்டார்கள், வலிப்பு வந்தாலொழிய இனி அதைத் தொடுவதில்லை என்று. அண்ணன் தன் வேலைக்காக வீட்டில் வைத்திருந்த சின்னத் தராசில் புட்டியை வைத்து, மூன்று அழுத்துக்கு இருக்கிறது என்று கணக்குச் சொன்னார். இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, அப்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ அவரிடம் சாவி என்று முடிவாயிற்று. கம்பெனியில் கேட்டு வேலை முறையை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டதால் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தார்.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. பொடிசுக்குச் சளி பிடித்து, மூச்சு கரகரவென்று வந்தது. அவள் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவங்க ரொம்ப நடுங்குறாங்க, ஒண்ணே ஒண்ணு போடட்டுமா என்று. அண்ணி முதலில் சமாதானம் சொன்னாள், பிறகு அதட்டினாள், பிறகு காதில் விழாத மாதிரி வேலை செய்தாள். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னிடம், "எனக்குப் பயமா இல்ல. அவ அவங்களுக்காகக் கெஞ்சறாளே, அதுதான் தாங்கல," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர். இரண்டு பேருக்கும் விடுமுறை, சாவி அண்ணன் சட்டைப் பையில். பொடிசு தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று உரிப்பதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அப்பா, இன்னைக்கு அவங்க நடுங்கல."

சொல்லிக்கொண்டே சாய்ந்தாள். கடலை தட்டோடு சிதறியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அண்ணி பாய்ந்து அவளை ஒருக்களித்து மடியில் தாங்கினாள். நான் ஆம்புலன்சுக்கு போன் செய்தேன். தண்ணீர் வடியாமல் வண்டி உள்ளே வருவது கஷ்டம், முயற்சி செய்கிறோம் என்றார்கள். அண்ணன் அலமாரியைத் திறந்தார். திறந்தவர் ஒரு நொடி அப்படியே நின்றார். மனிதர் பதற்றத்தில் உறைந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு புட்டியோடு வந்து, காற்றில் அடித்துப் பார்க்காமல் நேராக அவள் மூக்கில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"பாக்காமலே போட்டுட்டீங்களே," என்றாள் அண்ணி. "அத்தன நாளாப் பூட்டிக் கெடந்தது. வந்தது பாதி காத்துங்க. இன்னொண்ணு போடுங்க."

"வேண்டாம்."

"நீங்க செஞ்ச சாமான்தானே அது. முதல் அழுத்து முழுசா வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா? போடுங்க."

"முழுசாப் போயிருக்கு. பொறு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஒரு தடவை அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பொடிசின் உடம்பு துள்ளிக்கொண்டே இருந்தது, உதட்டோரம் நுரை. அண்ணி புட்டியைப் பிடுங்கக் கை நீட்டினாள். அவர் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நானும் போடுங்கண்ணே என்று கத்தினேன். எனக்கு வேலை தெரியும், நியாயம் அண்ணி பக்கம்தான். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன், அதை மறைத்து என்ன பயன். அண்ணி புருஷனைப் பார்த்த பார்வையை வேறு எந்தப் பெண்ணின் கண்ணிலும் நான் பார்க்கக் கூடாது. அவர் அப்போதும் புட்டியைத் தரவில்லை.

கடைசியில் இழுப்பு தளர்ந்தது. ஒரு கால் நின்றது, பிறகு கை, பிறகு தாடை. மூச்சு வந்தது. மெதுவாக, கரகரவென்று, நடுவில் விட்டு விட்டு வந்தது, ஆனால் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தண்ணீரில் நடந்தே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மார்பைச் சோதித்துவிட்டு, நெஞ்சில் இவ்வளவு சளியோடு ஒரு முழு அளவே அவளுக்கு எல்லைக்கோடு, இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூச்சு திரும்பியிருக்காது என்றார். சாயங்காலம் கூட்டிப் போகலாம் என்று சொல்லி, மாதம் பிறந்ததும் வாங்கிக்கொள்ளப் புதுப் புட்டிக்கும் எழுதிக் கொடுத்தார்.

அண்ணி உள்ளே பொடிசோடு இருந்தபோது வராந்தாவில் அண்ணன் என்னிடம் சொன்னார். "அலமாரியத் திறந்தேன்ல, நாக்குல கசந்துது. இந்த மருந்தோட கசப்பு. தூவல் உள்ள இன்னும் நின்னுக்கிட்டு இருந்துது. எவ்வளவு பொடித் துளியா இருந்தாலும் அது அவ்வளவு நேரம் நிக்காது. நான் திறக்கறதுக்குச் சத்த முன்னாடி உள்ள யாரோ ஒரு அழுத்து அழுத்தியிருக்காங்க. அதான் குழாய் நெறைஞ்சிருக்குன்னு நேராப் போட்டேன்."

"பூட்டித்தானே இருந்தது?" என்றேன்.

"பூட்டித்தான் இருந்தது."

எதிரே ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழிவிட இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து பொடிசைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான் சிதறிக் கிடந்த கடலையைக் கூட்டினேன். அண்ணி உட்காரவில்லை. நேராகப் போய்த் தராசை எடுத்து வந்து பழைய புட்டியை அதில் வைத்தாள். பார்த்தாள். எடுத்து மறுபடி வைத்தாள்.

"ரெண்டு அழுத்து போயிருக்கு," என்றாள். "மூக்குல போட்டது ஒண்ணு."

அண்ணன் குனிந்து தராசின் எண்ணைத் தானும் பார்த்தார்.

"பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டு, எனக்குத் தெரியாம அழுத்தி வச்சிருக்கீங்க. அதான் அவ்வளவு தைரியமா வேண்டாம்னு நின்னீங்க." திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், அழுதாள். "நல்ல காலம் சத்தியத்த மீறினீங்க. என் பேச்சக் கேட்டிருந்தா நானே என் பிள்ளையக் கொன்னிருப்பேன். நல்ல காலம்ங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விளக்குமாற்றைப் பார்த்தேன். பிள்ளை மேல் செய்த சத்தியத்தை உடைத்தேன் என்று ஒப்புக்கொள்வது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. மற்றதைச் சொல்வது அதைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

"ஆமா," என்றார்.

"அழுத்தினது அப்பா இல்லம்மா." கட்டிலிலிருந்து பொடிசின் குரல். தூக்கக் கலக்கத்தில் குழறியது. "ஏன்ப்பா அப்படிச் சொல்றீங்க? நீங்க சொல்றதக் கேட்டுக்கிட்டுதானே அவங்க நிக்கறாங்க. பாவம்ல."

கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்கு அப்பால் கூடம், கூடத்தில் கொடியில் தொங்குகிற துணிகள், வேறு எதுவும் இல்லை. அண்ணன் கதவைப் பார்க்காமல் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி மகளைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கலைந்த முடியைச் சேர்த்து முடிந்துகொண்டாள். பிறகு யாராவது வந்தால் பேசுகிற அதே குரலில், கதவைப் பார்த்துப் பேசினாள்.

"உள்ள வாங்க. எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க? வந்து உக்காருங்க."

அண்ணன் எழுந்து, நாற்காலியில் கிடந்த ஈரத் துணிகளை அள்ளி எடுத்துவிட்டு, அதைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.